அக்காவை எடுக்க வாங்கின கமரா

போனில் எடுத்தால் தன்னுடைய மூக்கு கத்தரிக்காய் மாதிரி விழுகிறது என்று அக்கா சொன்னா. நான் கமரா வாங்கப் போனது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அக்காவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. எனக்கு எழுபத்திமூன்று. அவ லண்டனில், ஹவுன்ஸ்லோவில் மகளோடு இருந்தா. நான் ஸ்ட்ரெதமில் கவுன்சில் தந்த ஓரறை வீட்டில் தனியாக இருக்கிறேன். கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸும் ரெயினும் மாறி அவவைப் பார்க்கப் போவேன். அந்தக் குளிர்காலத்தில்தான் அவவுடைய இடது தாடையில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நல்ல கட்டி இல்லை. தாடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, காலில் இருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பார்களாம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் முகம் பழையபடி இருக்காது என்று டொக்டர் சொன்னதை மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னா.

அக்கா அழவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு, "அப்ப வெட்ட முதல் இந்த முகத்தை ஒருக்கா வடிவா எடுத்து வையுங்கோ" என்றா. மகள் உடனே போனை நீட்டி இரண்டு மூன்று எடுத்துக் காட்டினா. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தா. அப்போதுதான் அந்தக் கத்தரிக்காய்க் கதை வந்தது.

"சரியம்மா, என்ர வேலையிடத்திலை ஒருத்தர் கலியாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். அவரைக் கூப்பிடுறன்" என்று மகள் சொன்னா.

"பிறத்தி ஆம்பிளைக்கு முன்னாலை இந்தக் கட்டியோடை நான் இருக்கமாட்டன்."

"அப்ப ஆர் எடுக்கிறது?"

"நான் எடுக்கிறன்" என்றேன்.

"நீங்களோ சின்னம்மா?"

"ஏன், எனக்குக் கை இல்லையோ?"

அக்கா சிரித்தா. "அவள் சொன்னா செய்வாள். எடுக்கட்டும்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வருகிற ஆட்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மூத்தது வடிவு, இளையது கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் சொல்லி, மற்றவர் சொல்லி, அதுவே எங்களுக்குள் பங்கு பிரித்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்தா. நான் மூன்றோடு நின்றேன். அம்மா நோயில் படுத்துவிட்டா, தம்பிமாரைப் பார்க்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் கெட்டிக்காரி என்ற பேர் என்னை விட்டுப் போகவில்லை. நானும் அதை விடவில்லை.

லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஒபிஸ் கந்தோர்கள் கூட்டித் துடைத்தேன். அங்கே நின்ற வெள்ளைகள், கறுவல்கள், போலந்துக்காரர் எல்லாரோடும் கதைத்துக் கதைத்து இங்கிலீசு பேசப் பழகினேன். வாசிக்கத்தான் பழகவில்லை. எழுத்துகள் தெரியும். எக்சிட், புல், புஷ், சேல் என்று தினமும் கண்ணில் படுகிற சொற்களை உருவத்தால் தெரியும். கடிதம் வந்தால் எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் இருக்கிற ஒரு வயதான மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் வாசித்து விளக்குவார். பிறகு கேட்கிறவர்களுக்கு நானே வாசித்த மாதிரிச் சொல்லுவேன். அக்கா வந்த புதிதில், மகளுக்கு நேரமில்லை என்று, அரசாங்கம் தருகிற பெனிபிட் காசுக் கடிதங்களையும் என்னிடம்தான் தருவா. "நீ பாத்துச் சொல்லடி" என்பா. நான் பையில் போட்டுக்கொண்டு போய், அடுத்த கிழமை வந்து சொல்லுவேன். ஒருநாளும் பிழை வந்ததில்லை. அக்காவுக்கு என் இங்கிலீசில் சந்தேகமே இல்லை.

கமராக் கடை எங்கள் பக்கத்து மெயின் ரோட்டில் இருந்தது. சின்னக் கடை. கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்ட மொட்டைத்தலை மனுசன் ஒருவர் நின்றார். வயது அறுபது இருக்கும். எனக்கு என் அக்காவின் முகத்தை எடுக்கவேண்டும், மூக்கு பெரிதாக வரக்கூடாது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்வி என்றார். போனைக் கிட்டே கொண்டுபோய் எடுப்பதால்தான் மூக்கு பெருக்கிறதாம். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சின்னதாகத் தெரியும். மூக்கு காதைவிடக் கிட்டே இருக்கிறது, அவ்வளவுதான் விசயம் என்றார். எழுபத்திமூன்று வயதில் அதை எனக்கு ஒருவர் சொல்லவேண்டி இருந்தது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று மூன்று கமராக்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பாரமே இல்லை, விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. இன்னொன்றின் பின்பக்கக் கண்ணாடி கதவு மாதிரித் திறந்து சுழன்றது. எனக்கு அது உடைந்துவிடும் போலப் பட்டது. மூன்றாவதைக் கையில் எடுத்ததும் விரல்கள் தானாகப் போய் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத கமராக்கள் வந்துவிட்டன, இது கொஞ்சம் பழைய முறை, அதனால் விலை குறைவு என்றார். இதற்குள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. பொத்தானை அமத்தினால் அது மேலே எழும்பித் திரும்ப விழும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்தது. ஒரு வேலை நடந்து முடிந்த சத்தம்.

முன்னால் இருக்கிற லென்சைத் திருகலாம். அதில் பதினெட்டு என்று ஒரு பக்கமும் ஐம்பத்தைந்து என்று மற்றப் பக்கமும் போட்டிருந்தது. நம்பர் எனக்கு வாசிக்கத் தெரியும். பதினெட்டில் வைத்துக் கிட்டே போய் அவருடைய முகத்தையே எடுத்தேன். பின்பக்கத்தில் ஒரு கணம் படம் தெரிந்தது. பாவம், மனுசனின் மூக்கு முகத்தில் பாதி. பிறகு ஐம்பத்தைந்தில் வைத்து, நாலு அடி பின்னால் போய் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூக்கு தன் இடத்துக்குப் போய்விட்டது. மேலே இருக்கிற சக்கரத்தை தானாக எல்லாம் பார்க்கிற பச்சைப் பெட்டி அடையாளத்திலேயே வைத்திரு, ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்து, பிளாஷ் எழும்பினால் கையால் அமத்திவிடு. இவ்வளவுதான் அவர் சொல்லித்தந்தது. எல்லாம் மனதில் போட்டுக்கொண்டேன்.

பில் போடும்போது வேகமாகக் கேட்டுக்கொண்டே போனார். பை வேணுமா? வேண்டாம், என்னிடம் பை இருக்கிறது. இன்சூரன்ஸ் வேணுமா? வேண்டாம். கார்ட்?

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நோ கார்ட். காஷ்."

அவர் தலையை ஆட்டினார். ஓகே, நோ கார்ட், என்று சொல்லிவிட்டு நான் நீட்டின காசை எடுத்துக்கொண்டார். கார்டில் வாங்கிப் பிறகு தலையில் கை வைக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். நான் கையில் இருப்பதைக் கொடுத்து வாங்குகிறவள். கமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பற்றரியைச் சார்ஜ் ஏற்றிப் போட்டுக் கமராவின் சுவிட்சைத் தட்டினால், பின்பக்கத்தில் மூலையில் இரண்டு சொல் வந்தது. எழுத்துக் கூட்டினேன். என், ஓ. நோ. சி, ஏ, ஆர், டி. கார்ட். நோ கார்ட்! எனக்கு ஒரே சந்தோசம். அந்த இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். எங்கள் தெருமுனைத் தமிழ்க் கடையில் கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும், அஞ்சு பவுணுக்குக் குறைந்தால் நோ கார்ட் என்று. கார்டில் வாங்கவில்லை, காசு கட்டி வாங்கியது என்று அந்த மனுசன் கமராவிலேயே பதிந்து தந்திருக்கிறார் என்று நினைத்தேன். பில்லில் காஷ் என்று போடுவதில்லையா, அப்படி. பெயரைப் பொறித்துத் தந்த மாதிரி இருந்தது எனக்கு.

வெட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் பழகினேன். கேத்தலை எடுத்தேன், ஜன்னலில் இருந்த பூச்சட்டியை எடுத்தேன், பஸ் ஹோல்டில் நின்ற ஆட்களை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்கும், படம் ஒரு கணம் தெரியும், பிறகு மறையும். உள்ளே போய்விட்டது என்று இருந்தேன். பழைய கமராக்களும் அப்படித்தானே. எடுத்து முடியும் வரைக்கும் திறக்கக்கூடாது. திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும். எல்லாம் எடுத்து முடித்துக் கடையில் கொடுத்தால் கழுவித் தருவார்கள். படம் கழுவுறது என்றுதான் நாங்கள் சொல்லுவோம். இது புதுக் கமரா என்றபடியால் உள்ளே போக முதல் ஒருக்கால் காட்டிவிட்டுப் போகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு பூசைக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். எங்கள் பங்குக் கோவிலில் திருநாள்களுக்கெல்லாம் படம் எடுக்கிற ஒருவர் இருக்கிறார். கோவில் படியில் என்னைக் கண்டதும் விழுந்தடித்து வந்தார்.

"என்ன அன்ரி, எனக்குப் போட்டியோ? என்ன மொடல்?"

"நல்ல மொடல்" என்றேன்.

"தாங்கோ, ஒருக்கா பாப்பம்."

"உங்களிட்டை ரெண்டு இருக்குத்தானே. அதைப் பாருங்கோ."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர் கையில் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

வெட்டு திங்கட்கிழமை. நான் சனிக்கிழமை காலமையே ஹவுன்ஸ்லோ போய்விட்டேன். அக்கா கட்டிலில் மூன்று சேலைகளை விரித்து வைத்திருந்தா. நீலத்தைக் கட்டினா, கழற்றினா. மாம்பழ நிறத்தைக் கட்டினா. மகள் அவவுடைய தலையை இழுத்துக் கொண்டை போட்டுவிட்டா. கல்லு வைத்த தோட்டைப் போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு முன்னறைக்கு வந்தா. கட்டி இருந்த பக்கம் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. கதிரையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, வலது கன்னத்தில் வெளிச்சம் விழ, வீங்கின பக்கம் நிழலில் நிற்கும்படி அவவை இருத்தினேன். அதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே கண்டுகொண்டது.

"மூக்கு மட்டும் பிழையா வந்துதோ, உன்னை விடமாட்டன்" என்றா அக்கா.

"ஆடாமல் இருங்கோ. வாயை மூடுங்கோ."

"வாயை மூடினால் எப்பிடியடி சிரிக்கிறது?"

"ஆர் உங்களைச் சிரிக்கச் சொன்னது? சும்மா இருந்தாலே உங்களுக்கு வடிவுதானே."

அப்படி ஒரு சொல்லை நான் அவவுக்கு அதுவரைக்கும் சொன்னதில்லை. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. நான் பொத்தானை அமத்தினேன்.

கண்ணைக் கமராவின் ஓட்டையில் வைத்தால் மற்ற எல்லாம் இல்லாமல் போய்விடும். மகள் இல்லை, கதிரை இல்லை, மேலே இரைந்துகொண்டு போகிற பிளேன் இல்லை. ஐம்பத்தைந்தில் வைத்து, பின்னால் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அவவுடைய இமைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. எழுபத்திமூன்று வருடத்தில் நான் அதைக் கண்டதில்லை. நாற்பது, ஐம்பது படம் எடுத்திருப்பேன். நேரே பார்த்து, ஜன்னலைப் பார்த்து, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்று சிரித்தபடி. ஒவ்வொன்றும் பின்னால் தெரிந்து மறைந்தது. மூலையில் நோ கார்ட் என்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன்.

முடிந்ததும் மகள் கையை நீட்டினா. "காட்டுங்கோ சின்னம்மா, எப்பிடி வந்திருக்கெண்டு பாப்பம்."

"கழுவினாப் பிறகு பாக்கலாம்."

"என்ன? கழுவுறதோ?" அவவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இப்ப ஆர் சின்னம்மா படம் கழுவுறது? தாங்கோ, நான் போனுக்கு எடுத்துவிடுறன். ஒரு நிமிசம்."

"தொடாதை." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "உங்கட அவசரத்துக்கு என்ர சாமானைப் பழுதாக்க ஏலாது. எனக்குத் தெரியும் என்ன செய்யவேணுமெண்டு."

மகள் முகம் சுருங்கி நின்றா. அக்கா கதிரையில் இருந்தபடியே சொன்னா: "விடு பிள்ளை. அவளுக்குத் தெரியும்."

நான் கமராவைப் பையில் வைத்து ஸிப்பை இழுத்து மூடினேன்.

வெட்டு பத்து மணித்தியாலத்துக்கு மேல் நடந்தது. ஒன்றும் பிழையாகப் போகவில்லை, நன்றாக நடந்தது என்றுதான் சொன்னார்கள். ஐந்தாம் நாள் என்னைப் பார்க்க விட்டார்கள். முகத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அவவுக்கு அது பிடிக்காது. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, கதைக்க முடியாது, தொண்டையில் குழாய். ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கொப்பியை எடுத்து ஒரு சொல் எழுதி என் பக்கம் திருப்பினா. தமிழ் எனக்கு வாசிக்கத் தெரியும்.

படம், என்று எழுதியிருந்தா.

"நாளைக்கே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றேன்.

அடுத்த நாள் மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு மூலையில் படம் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு பெண்பிள்ளை நின்றா. கமராவைக் கொடுத்து, இதில் உள்ளது எல்லாம் வேணும் என்று சொன்னேன். கார்டைத் தாருங்கள் என்றா. கார்ட் இல்லை, காஷ் தருகிறேன் என்றேன். இல்லை, அம்மா, கமராவின் கார்ட் என்றா. எனக்கு விளங்கவில்லை. வயது போனவர்களுக்கு ஏதும் விலைக்கழிவு இருக்கிறதோ என்று நினைத்து பஸ் பாஸை எடுத்து நீட்டினேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. கேலி என்றால் நான் தாங்கியிருப்பேன். கமராவை வாங்கிப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கதவை நகத்தால் தள்ளித் திறந்தா. அப்படி ஒரு கதவு அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு வெறும் பிளவு. தபால்தலை அளவில் ஒரு தகடு அதற்குள் இருக்கவேண்டுமாம். அதற்குத்தான் கார்ட் என்று பெயராம். அதில்தான் படங்கள் போய் நிற்குமாம். அது இல்லாவிட்டால் கமரா எடுக்கும், காட்டும், வைத்திருக்காது.

"இங்கே எழுதியிருக்குதே" என்று அவ கமராவின் சுவிட்சைத் தட்டி மூலையை விரலால் தொட்டுக் காட்டினா. நோ கார்ட்.

எழுதியிருக்கிறதுதான். நான் வாசிக்கவும் வாசித்தேன். ஒன்றுமே வாசிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் இது என்னவென்று யாரிடமாவது கேட்டிருப்பேன். வாசிக்க முடிந்ததால் கேட்கவில்லை.

ஸ்ட்ரெதம் மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹோல்டில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அந்தக் கடைக்காரரில் கோபம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. அவர் கேட்டார்தானே. நோ கார்ட் என்று சொன்ன வாய் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் அக்கா கொப்பியைத் திருப்பும்போதெல்லாம், "கழுவக் குடுத்திருக்கு, நேரம் எடுக்குமாம்" என்றேன். அவ வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னேன். வெட்டின பிறகு மகளுக்கு ஓய்வே இல்லை, சாப்பாடு அரைத்துக் குழாயால் கொடுக்கவேண்டும், அவ இதைத் தோண்டவில்லை. இரண்டு மாதம் போனது. அக்காவுக்குக் கதை மெல்ல மெல்ல வந்தது. குழறும், ஆனால் எனக்கு விளங்கும். வீட்டில் கண்ணாடிகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டா. குளிக்கிற அறையில் கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் நின்றது. ஒருநாள் நான் சூப் கொண்டுபோனபோது கையால் தள்ளிவிட்டா.

"உனக்குச் சின்னனிலை இருந்து என்ர முகத்திலை எரிச்சல்" என்றா.

"என்னக்கா சொல்லுறியள்?"

"படம் உன்னட்டை இருக்கு. வடிவா வந்திருக்கும். அதுதான் தர மனமில்லை."

நான் சூப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரிச்சல் இருந்தது உண்மை. பதினாறு, பதினேழு வயதில் இருந்தது. அவவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்ற நாட்களில் இருந்தது. அன்று ஜன்னலோரத்தில் அது இல்லை. அன்றைக்கு என்னிடம் துளியும் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டுமென்றால் மற்றதையும் சொல்லவேண்டும்: எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, உங்கள் கடிதம் ஒன்றுகூட நான் வாசித்ததில்லை. வடிவு போனவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, என் பங்கை விட எனக்கு மனம் வரவில்லை. பொறாமைக்காரி என்ற பேரோடு வீட்டுக்கு வந்தேன்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சுவாமியாரிடம் சொன்னேன். உங்கள் சகோதரியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். போனேன். கமராவையும் கொண்டுபோனேன். மகள் வேலைக்குப் போயிருந்தா. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, அந்தச் சின்னக் கதவைத் திறந்து காட்டி, ஒன்றும் விடாமல் சொன்னேன். மாஸ்டரின் கதையையும் சொன்னேன்.

அக்கா முழுதும் கேட்டா. பிறகு அந்த இழுபட்ட வாயால் சிரித்தா. நல்ல சிரிப்பு இல்லை.

"ஆருக்குக் கதை விடுறாய்? நீ வாசிக்கத் தெரியாதவளோ? என்ர கடிதம் அவ்வளவும் பாத்துச் சொன்னவள் நீ."

"இல்லையக்கா, அது அந்த மாஸ்டர்—"

"கார்டை எடுத்து ஒளிச்சுப்போட்டு வெறும் ஓட்டையைக் காட்டுறாய். கெட்டிக்காரியடி நீ. எப்பவும் கெட்டிக்காரி."

மேலே ஒரு சொல்லும் சொல்ல விடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா.

அதற்குப் பிறகும் நான் கிழமைக்கு ஒருமுறை போனேன். கதைத்தோம். குளிரைப் பற்றி, பூசையைப் பற்றி, மகளின் ஷிப்டைப் பற்றி. கார்ட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போய், "இப்ப ஒண்டு எடுக்கட்டோ" என்று ஒருக்கால் கேட்டேன். சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடினா. பிறகு கேட்கவில்லை. வெட்டுக்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தா. கட்டி திரும்பி வந்தது. இரண்டாம் முறை வெட்ட வேண்டாம் என்று அவவே சொல்லிவிட்டா.

அடக்கப் பூசைக்குச் சவப்பெட்டியின் மேலே வைக்கப் படம் வேண்டும். மகள் தேடினா. பழைய படங்கள் எல்லாம் சண்டைக்குள் ஊரை விட்டு ஓடினபோதே போய்விட்டன. போனில் இருந்தவை எல்லாம் சமையலறையில் பாதி முகம், கூட்டத்துக்குள் ஒரு கொண்டை. கடைசியில் அவவுடைய பஸ் பாஸில் இருந்த தலையைப் பெருப்பித்துச் சட்டம் போட்டார்கள். ஸ்டேசனில் காசு போட்டு, கூடு மாதிரி ஒரு அறைக்குள் இருந்து எடுக்கிற படம். கண் விழித்தபடி, சாம்பல் நிறத்தில், கள்ளன் மாதிரி. அக்கா கண்டிருந்தால் சட்டத்தைக் கவிழ்த்து வைத்திருப்பா. கத்தரிக்காயைவிட இது மோசம் என்றிருப்பா.

பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"சின்னம்மா, அண்டைக்கு நீங்கள் எடுத்த படங்கள். இனியெண்டாலும் தாங்கோவன். உங்களிலை கோவமில்லை. அம்மாவும் போயிட்டா."

அப்போது சொன்னேன். சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள், கோப்பையோடு நின்று கேட்டார்கள், பரவாயில்லை என்று சொன்னேன். படம் ஒன்றும் இல்லை. கார்ட் போடவேண்டும் என்று எனக்குத் தெரியாது. எழுதியிருந்ததை வாசித்தேன், விளங்கவில்லை. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது பிள்ளை, ஒருநாளும் தெரியாது.

அவ என்னை நம்பினா. முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, குறை சொல்கிற மாதிரி இல்லாமல், சும்மா ஒரு விசயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னா:

"எங்கட வீட்டு மேசை லாச்சிக்குள்ளை அந்தக் கார்ட் மூண்டு கிடந்தது சின்னம்மா. என்ர பழைய கமராவின்ரை. ஒருக்கா என்னட்டைத் தந்திருந்தால்..."

சாப்பாட்டுப் பக்கத்தில் இருந்து யாரோ கூப்பிட, எழும்பிப் போய்விட்டா.

இப்போது கண்ணை மூடி அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் சேலை வருகிறது, தோடு வருகிறது, ஜன்னல் வெளிச்சம் வருகிறது. முகம் மட்டும் வெட்டின பிறகு இருந்த முகமாகத்தான் வருகிறது. அந்த மச்சம் எந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது என்றுகூட எனக்கு உறுதியில்லை.